லினக்ஸில் மைக் பெட்டி மாட்டுகிறவன்

பாட்டும் பேச்சும் பதிகிறவர்களின் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, மைக்கை அதோடு சேர்க்கும் யூஎஸ்பி ஆடியோ பெட்டியை மாட்டிக் கொடுப்பது மார்த்தாண்டத்தில் என் தொழில். பெட்டியில் விளக்கு எரியும், சத்தம் மட்டும் வராது. அந்தப் பாடு பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வரிசை மாறிய கார்டு

பக்கத்து ஊர் சர்ச்சில் ஞாயிறு ஆராதனையை மஸ்கட்டில் இருக்கும் சபையாருக்கு நேரலையாக அனுப்புவார்கள். பொறுப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியர் சாமுவேல் சாருக்கு. சனிக்கிழமை எல்லாம் சரிபார்த்துக் கொடுத்தேன். மறுநாள் காலை அவர் போன்: படம் போகிறது, சத்தம் இல்லை.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதில் லினக்ஸ் சவுண்ட் கார்டுகளை வேறு வரிசையில் எண்ணிவிட்டது. எந்தக் கார்டிலிருந்து சத்தம் எடுக்க வேண்டும் என்ற இடத்தில் நான் பெட்டியின் பெயரை எழுதாமல் எண்ணை எழுதி வைத்திருந்தேன். பைக்கில் பறந்து போய்ப் பெயரைப் போட்டு முடிப்பதற்குள் பிரசங்கம் முடிந்துவிட்டது. தலைகுனிந்து நின்றேன். சார் தோளில் தட்டினார்.

"மஸ்கட்டுக்குப் போகல்ல, சரி. இங்க இருந்து கேட்டவனுக்கே ஒண்ணும் விளங்கல்ல, நீ வருத்தப்படாத."

பின்னால் வரும் குரல்

மண்டைக்காட்டில் சரசக்கா வீட்டிலேயே பக்திப் பாட்டுப் பதிகிறவர். ஹெட்போனில் அவர் குரல் அவருக்கே தாமதமாகக் கேட்டது. அது வந்து சேரட்டும் என்று அவர் நிறுத்த, பாட்டு இழுத்துக்கொண்டே போனது. சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரின் அளவை 1024-லிருந்து 128-க்குக் குறைத்தேன்; பொரி வறுப்பதுபோல் சத்தம். 256-இல் அடங்கியது. ஒரு சரணம் முழுக்கப் பாடிவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"தம்பி, இப்பம்தான் நானும் நானும் ஒண்ணாப் பாடுகோம்."

ஏலக்காரர்

கடியப்பட்டணம் ததேயுஸ் அண்ணன் மீன் ஏலம் விளிக்கிறவர். தொண்டையில் புற்றுநோய். அடுத்த திங்கட்கிழமை குரல்வளையை எடுக்க இருந்தார்கள். அதற்குள் அப்பா குரலைப் பதிந்து வைக்க வேண்டும் என்று மகள் ஜெனிபர் நல்ல மைக்கும் பெட்டியும் வாங்கியிருந்தாள்.

மாட்டிக் கொடுத்தேன். திரையில் ஒலி அளவு முள் ஆடியது; போதும் என்று விட்டுவிட்டேன். அண்ணன் ஒரு மணி நேரம் பேசினார். கடலில் திசை தவறியது, கல்யாணம், சண்டைகள் எல்லாம். போட்டுக் கேட்டால் லேப்டாப் விசிறி இரைகிறது, அதற்குள் கிணற்றடியிலிருந்து வருவதுபோல் ஒரு குரல். பதிந்தது லேப்டாப்பின் சொந்த மைக். புது மைக்கை நகத்தால் ஒருமுறை சுரண்டி, முள் எகிறுகிறதா என்று பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஜெனிபர் அழுதாள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அண்ணன் வெந்நீர் கேட்டார். பெட்டியைத் தேர்ந்தெடுத்து, சுரண்டிப் பார்த்து, மறுபடி தொடங்கினேன். குரல் பத்து நிமிடம்தான் தாங்கியது. பேரப்பிள்ளைகள் நாலு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மனைவியிடம் ஒரு மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. ஆப்பரேஷனும் நல்லபடியாக முடிந்தது. இப்போது அவர் சிலேட்டில் எழுதிப் பேசுகிறார். அன்று பதிவை நிறுத்தியதும் மகளிடம் கரகரத்த குரலில் சொன்னார்:

"முதல்ல பேசினதுல பாதி பொய்யாக்கும் மக்கா. அது போனது நல்லது, இத மட்டும் வச்சுக்கோ."

இத்தனைக்குப் பிறகும், சத்தம் வரவில்லை என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது அவர்கள் கேபிளைத்தான்.