'இரக்கம்' என்ற சொல்லில் ஒரு குறில்

ஒஸ்லோவில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பூசைக்கு மெட்டமைத்துத் தந்தவர் ஒரு சுரங்க ரயில் ஓட்டுநர். நகரின் கிழக்கே புருசெத்தில் நடக்கும் பாடற் பயிற்சிக்கு வேலைச் சீருடையோடே வருவார். எந்த மெட்டையும் கண்ணை மூடி, தொண்டையில் இரண்டு விரலை வைத்துத்தான் பாடிப் பார்ப்பார்.

மிலான் நகரத்துத் தேவாலயங்களில் பாடப்படும் பழைய அம்புரோசிய மெட்டொன்றை இணையத்தில் தேடியெடுத்து, 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்ற மன்றாட்டுக்குப் பொருத்தியிருந்தார். மூன்று வாரம் பழகினோம். பூசைக்கு முதல்நாள் எல்லாருடைய தாள்களையும் திருப்பி வாங்கினார்.

"பிழை விட்டிட்டன். 'இரக்கம்' எண்டதிலை 'ர' குறில். மெட்டு அதிலை நீளுது. பாடேக்கை 'இராக்கம்' எண்டு கேக்குது."

"நாளைக்குப் பூசை, அண்ணை. சனம் அதைக் கவனிக்காது," என்றேன்.

"கவனிக்காமல் அப்பிடியே பாடிப் பழகிப்போடும். அதுதான் பயமாயிருக்கு."

அங்கேயே அந்த நீட்டலை 'ஆண்டவரே'யின் முதலெழுத்துக்கு மாற்றினார். மறுநாள் நாங்கள் இரண்டு முறை தடுமாறினோம். மூன்றாம் முறை கோயில் முழுவதும் சேர்ந்து பாடியது. அவர் மட்டும் வாய் திறக்கவில்லை.

"ஏன் அண்ணை பாடேல்லை?"

"சனம் பாடினதைக் கேட்டுக்கொண்டு நிண்டனான்."

பாராட்ட வந்தவர்களிடம், "அது மிலான்காரற்றை மெட்டு," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். மாற்றியவர் அவர்தான் என்று அருகில் நின்ற நானாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.