ஞாயிற்றுக்கிழமைக் கடலில் ரோஸ் நிற ரெயின்கோட்

மாதாவின் பிள்ளைகளே, நான் கோபத்தோடுதான் இந்தச் சாட்சியைச் சொல்கிறேன். சாந்தமாகச் சொல்ல எனக்கு வராது.

என் கணவர் லியோன் ஒரு வேலையில் நிலைக்கமாட்டார். துறைமுகத்தில் நல்ல வேலை இருந்தது, விட்டார். மீன் ஊறுகாய் போட்டார். அது ஓடத் தொடங்கியதும் அவருக்கு அலுத்துவிட்டது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் மனசு அடுத்த வியாபாரத்தில் இருக்கும். தூத்துக்குடியே வெள்ளத்தில் மிதந்த வருஷம், பிள்ளைகள் போடும் ரோஸ் நிற ரெயின்கோட்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கி வீட்டில் இறக்கினார்.

"ஏளா, அடுத்த மழைக்கு ஊரே நம்ம வாசல்ல நிக்கும், பாரு" என்றார்.

அடுத்த வருஷம் பேருக்குத்தான் தூறியது. உப்பளக்காரர்களுக்குச் சந்தோஷம். எனக்கு அடுப்படியிலும் கட்டிலுக்கடியிலும் ரெயின்கோட். "இந்த மனுஷனை ஒரு இடத்தில் உட்கார வையும் தாயே" என்று தினமும் ஜெபமாலை சொன்னேன். மாதா கேட்கவே இல்லை.

போன வருஷம் புது யோசனை. மீன் கரைக்கு வந்த பிறகுதானே ஏலம் போகிறது, நடுக்கடலிலேயே போய் வாங்கினால் என்ன? வாடகைக்கு ஒரு ஃபைபர் படகு பிடித்தார். என் ஒரே தம்பி சேவியரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். அன்று எனக்கு வெறியே வந்துவிட்டது. ரெயின்கோட் மூட்டைகளை இழுத்துப்போய் அந்தப் படகிலேயே தூக்கி எறிந்தேன்.

"இதையும் கடல்லயே வித்துட்டு வாங்க!"

அன்று சனிக்கிழமை. ஞாயிறு நம் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை, சனி சாயங்காலத்துக்குள் படகுகள் கரைக்கு வந்துவிடும். கடற்கரையில் பிறந்த மனுஷனுக்கு அதுகூட ஞாபகம் வரவில்லை. முதல் ஆளாக மீன் வாங்கும் அவசரத்தில் எல்லாரையும் தாண்டிப் போய்விட்டார். அங்கே எஞ்சின் நின்றது. போனில் சிக்னல் இல்லை. மற்ற படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன.

ஞாயிறு விடிந்தும் இருவரும் வரவில்லை. தேடப் போன ஆண்கள் வெறுங்கையோடு வந்தார்கள். "காத்து வேற பக்கம் தள்ளுது, அங்கன எங்க போய்த் தேட?" என்றார்கள். பூசைக்கு மணி அடித்தது. உள்ளே போனேன். முழங்கால் போடவில்லை. நின்றுகொண்டே கத்தினேன்.

"மாதாவே, ஒம் மவனுக்காகத்தான இன்னைக்குக் கடல காலியாப் போட்டிருக்கோம்? பாக்க ஒரு ஆளு உண்டுமா அங்கன? நாள் ஒம் மவனோடது. அப்போ படகு அனுப்புறதும் ஒம் பொறுப்புதான். அனுப்பு!"

பக்கத்தில் நின்ற பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டேன். என் புருஷனும் தம்பியும் திரும்பவில்லை என்றால் இந்தப் படியை இனி மிதிப்பதில்லை என்றும் சொன்னேன்.

மத்தியானம் துறைமுகத்திலிருந்து தகவல் வந்தது. மாலத்தீவில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு பெரிய தோணி, படகையும் கட்டி இழுத்து, இருவரையும் ஏற்றிக்கொண்டு வருகிறது. சரக்குத் தோணிக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது.

"படகும் வெள்ள, நொரையும் வெள்ள. கண்ணுலயே பட்டிருக்காது" என்று தோணிக்காரர் என்னிடம் சொன்னார். "கம்புல ரோஸ் கலரா என்னமோ ஆடிச்சு. அதப் பாத்துத்தான் திருப்பினோம்."

நான் ஆத்திரத்தில் எறிந்ததைத்தான் தம்பி கம்பில் கட்டியிருக்கிறான். என் கோபத்தையும் அந்தத் தாய் வீணாக்கவில்லை.

உதடு வெடித்து, முகம் கறுத்து, என் புருஷன் கரையில் கால் வைத்தார். வாயைத் திறந்ததும் சொன்னது இதுதான்: "ஏளா, இந்த ரெயின்கோட்ட படகுக்குப் படகு விக்கலாம்லா?"

ஓங்கி ஒரு அறை விட்டேன். பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரை உட்கார வையும் என்று இப்போது நான் கேட்பதில்லை. அவர் போகுமிடமெல்லாம் ஒரு கண் வையும் என்று கேட்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன், கோபமாக இருந்தால் கோபமாகவே அவளிடம் போங்கள். பெற்ற தாயிடம் கத்தாமல் வேறு யாரிடம் கத்துவது?

மிச்ச ரெயின்கோட்டுகள் மறுபடியும் கட்டிலுக்கடியில் வந்துவிட்டன. பெருக்கும்போதெல்லாம் விளக்குமாறு அதில் சிக்குகிறது. வாய்விட்டுத் திட்டுகிறேன். திட்டிவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்கிறேன்.