நந்தியின் காதில் சொல்லாதது

நெஞ்சில் வீங்கியிருந்த பெருந்தமனியின் ஒரு பகுதியை நீக்கி, அவ்விடத்தில் பாலியஸ்டர் இழையால் நெய்த குழாயை எனக்குத் தைத்திருந்தார்கள். திருச்சி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில்தான் அதைப் பற்றி மருத்துவரிடம் விசாரித்தேன்.

“வெறும் நெசவுன்னா ரத்தம் இடுக்குல கசியுங்க. அதனால புரதம் பூசியிருக்கு” என்றார்.

“பருப்புல இருக்கிற புரதமா?”

அவர் சிரித்துவிட்டார். “மாட்டுலேர்ந்து எடுக்கிறதுங்க. கொலாஜன்னு பேரு.”

பிறந்தது முதல் புலால் அறியாத உடம்பு இது. பிரதோஷந்தோறும் திருவரங்குளம் சிவன் கோயிலில், நந்தியின் கொம்புகளுக்கு நடுவே இறைவனைக் கண்டு பதிகம் பாடி வருபவன் நான். இனி எந்த முகத்தோடு அங்கே நிற்பது? கேட்டவர்களிடம் புண் ஆறவில்லை என்று சொல்லிக்கொண்டு, ஐந்து பிரதோஷங்களைக் கடத்தினேன். வீட்டில் பாடினாலும் ‘ஊன்’ என்ற சொல் வரும் இடத்தில் குரல் நின்றுவிடும். யாருடைய ஊன்?

மறுபரிசோதனைக்குச் சென்றபோது மருத்துவர், அந்தப் பூச்சு இந்நேரம் கரைந்திருக்கும் என்றும், அங்கே என் சொந்தச் சதையே படர்ந்திருக்கும் என்றும் சொன்னார். திரும்பும் பேருந்தில் மனைவிக்கு ஒரே உற்சாகம்.

“கேட்டீங்கள்ல? கரைஞ்சுபோச்சாம். நாளைக்குப் பிரதோஷம், கெளம்புங்க.”

“கரைஞ்சது எங்க போச்சு?”

“எங்கிட்டுப் போனா என்ன? நீங்க எம்பக்கத்துல உக்காந்திருக்கீங்கள்ல.”

எனக்குத் தெளியவில்லை. கரைந்தது வெளியேறியதா, நானாகிவிட்டதா?

மறுநாள் மாலை, நந்தியின் காதில் வேண்டுதல் சொல்லும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. குனிந்தேன். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் அப்படியே இருந்தேன்.

“ஐயா, சொல்லிட்டீங்களா?” என்றார் பின்னால் நின்ற பெண்மணி.

“இன்னும் இல்லம்மா.”

“அப்ப அங்கிட்டுப் போயி யோசிங்க. அவரு எங்கயும் போக மாட்டாரு.”

வரிசையே சிரித்தது. நானும் விலகி, நந்திக்குப் பின்னால் என் வழக்கமான இடத்தில் போய் நின்றேன். தீபாராதனைக்கு மணி அடித்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாடத் தொடங்கினேன். அந்தச் சொல் வந்தபோது குரல் நடுங்கியது, நிற்கவில்லை. யாருடைய ஊன் என்பது மட்டும் இன்னமும் எனக்குத் தெரியவில்லை.