பிலோ அக்கா மொம்பாசாவில் கேட்ட கேள்வி

வியாழக்கிழமை காலை, திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டு வாசலில் லாரிகள் வரிசைகட்டத் தொடங்கிய நேரத்தில் எங்கள் பிலோ அக்காவின் தங்கை ரீட்டா அழைத்தாள். "அக்கா பூட்ச்சி, செல்வி. ஆஸ்பத்திரிக்கு வா." அதோடு போனை வைத்துவிட்டாள்.

எடைமேடையில் பதினெட்டு வருடம் சீட்டு எழுதிய ராயபுரம் பிலோமினா, எங்களுக்கெல்லாம் பிலோ அக்கா, ஐம்பத்து மூன்று வயதில் இறந்துபோனார். அன்றிலிருந்து பார்ப்பவர்கள் எல்லாம் "பாவம், புருஷன் போன ஏக்கம்" என்கிறார்கள். அவரை அறிந்த உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அந்த 'பாவம்' வேண்டாம். அவர் இருந்திருந்தால் உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

கணவர் சூசை அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். மூன்று வருடம் முன்பு கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் காய்ச்சலில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குத் தகவல் சொன்னார்கள். அடுத்த மாதம் கப்பலின் ஏஜெண்ட் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அடக்கம் முறைப்படி நடந்தது, குடும்பத்துக்கு முழுத் திருப்தி, இப்படிக்கு மனைவி.

அதை ஆங்கிலத்திலிருந்து வாசித்துச் சொன்னவள், யார்டு அலுவலகத்தில் குமாஸ்தாவான நான். "கையெழுத்துப் போட்டுடுங்க அக்கா, அவங்ககிட்ட நாம மல்லுக்கட்ட முடியுமா?" என்று சொன்னவளும் நான்தான்.

"பாக்காமயே திருப்தின்னு எப்டி எய்துவேன்?" என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "நான் போய்ப் பாக்கணும்."

போவது என்று முடிவானதும் மொழி பிடிக்க ஆரம்பித்தார். லாரிக்கும் லாரிக்கும் இடையில் செல்போனில், கென்யாவில் பேசும் சுவாஹிலிப் பாடம் ஓடும். கேட்டதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, எடைமேடையே அதிரும்படி சொல்லிப் பார்ப்பார். "இன்னாக்கா, ஆப்பிரிக்காவா?" என்று ஓட்டுநர்கள் சிரித்தால், "ஆமா நைனா, வண்டிய ஓரங்கட்டிட்டு நீயும் வா" என்பார். வக்கீல் அங்கே 'வகீலி', சேதி 'ஹபாரி', உலகம் 'துனியா' என்று தெரிந்த நாளில் அலுவலகத்தில் எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். "சேதின்னா கபர், ஒலகம்னா துனியா, எல்லாம் நம்ம பேட்டையில பேசறதுதானே! பாதி எனக்கு முன்னயே தெரிஞ்சுகீது, செல்வி."

மூத்த குமாஸ்தா ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "தமிழே ஒழுங்கா வரல, இதுல சுவாஹிலி வேறயா?" என்றார். நான் குனிந்துகொண்டேன். நானும் ராயபுரம்தான். ஆனால் அலுவலகத்தில் 'வூடு' என்ற சொல் வாயில் வந்துவிடாமல் பார்த்துப் பார்த்துப் பேசுகிறவள்.

பிலோ அக்கா குனியவில்லை. "ஒயுங்கா பேசறவங்க இத்தினி பேர் கீறீங்களே சார், எங்க வூட்டுக்காரரப் பொதைச்ச எடத்த ஒருத்தராவது காட்டுனீங்களா?"



தங்கையோடு சேர்ந்து கட்டிய சீட்டை எடுத்து, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு, தனியாகவே விமானம் ஏறினார். அங்கே ஏஜெண்டின் ஆள் ஒருவர் காரோடு வந்திருந்தார். அவருக்கு இந்தி தெரியும். எடைமேடையில் வடநாட்டு ஓட்டுநர்களோடு பேசிப் பழகிய இந்தி அக்காவுக்குப் போதுமானதாக இருந்தது. கல்லறைத் தோட்டத்தில், வெள்ளையடித்துச் சிலுவை நட்ட ஒரு கல்லறையைக் காட்டி, "இதுதான், கும்பிட்டுக்கோங்க" என்றார் அந்த ஆள். சிலுவையில் பெயர் இல்லை. எழுத்து அழிந்துவிட்டதாம்.

அக்கா மண்டியிடவில்லை. சற்றுத் தள்ளிப் புல் செதுக்கிக்கொண்டிருந்த குழிவெட்டும் முதியவரிடம் நேராகப் போய், அந்தக் கல்லறையைக் காட்டி, அறுபது நாள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியத்தைக் கேட்டார். "நானி அமெஸிக்வா ஹாபா?" யாரைப் புதைத்திருக்கிறார்கள் இங்கே?

"ம்வானம்கே," என்றார் முதியவர்.

அந்தச் சொல் அக்காவுக்குத் தெரியும். பெண்.

"பெருசு பொம்பளைன்னுச்சு, செல்வி," என்று அன்று மாலை போனில் சொன்னார். "அந்தாளு ஓடியாந்து கார் காத்துகினு கீது, போலாம்ன்றான். நான் பெருசு பக்கம் திரும்பிக் கேட்டேன், மூமே வாங்கு யூகோ வாபி? எம் புருசன் எங்கே?"

பெயர் கேட்டிருக்கிறார் முதியவர். சூசை என்றது புரியவில்லை. சூசைக்கு வேதாகமப் பெயரான 'யோசேஃபு' என்றதும் புரிந்தது. "யோசேஃபு, ம்ஹிந்தி?" இந்தியக்கார யோசேப்பா? பின்சுவர் ஓரம் அழைத்துப் போனார். புல் மூடிய மேடு, தகரத்தில் ஓர் எண். ஆறுதலாக "போலே, மாமா" என்று அக்காவின் தோளைத் தொட்டாராம். "மாமான்னா அங்க அம்மாவாம்," என்று சொல்லும்போது அக்கா சிரித்தார்.  

ஏஜெண்டின் ஆள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா மேட்டருகே தரையில் உட்கார்ந்து ஒரே சொல்லைச் சொன்னார். "சியொன்டோகி." போகமாட்டேன். சாயங்காலம் வாசல் அடைக்கும்வரை உட்கார்ந்தார். மறுநாள் வாசல் திறந்ததும் போய் உட்கார்ந்தார். அன்று மதியம் ஏஜெண்டின் ஆள் பெயரெழுத ஒரு மரச்சிலுவை கொண்டுவந்தார். கறுப்பு பெயின்ட்டில் தமிழில் 'சூசை, ராயபுரம்' என்று அவரே எழுதினார்.

திரும்பி வந்த பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு ஏஜெண்ட் அலுவலகம் போனார். பையிலிருந்த அந்தத் தாளை எடுத்து, 'முழுத் திருப்தி' என்ற வரியை என்னைக் காட்டச் சொல்லி அதை அடித்தார். கீழே எழுதினார்: "வேறொரு பெண்ணின் கல்லறையைக் காட்டினார்கள். நானே கேட்டு என் கணவரைக் கண்டுபிடித்தேன். பிலோமினா."

"தமிழ்ல எழுதினா அங்க யாருக்கும்மா புரியும்?" என்றார் அதிகாரி.

"நான் அவங்க பாஷையக் கத்துகினு போனேன் சார். அவங்க நம்ம பாஷையக் கத்துகினு வரட்டும்."

கையெழுத்துப் போடச் சொன்ன என்னை அதன்பின் ஒருநாளும் அவர் குத்திக்காட்டியதில்லை. நான்தான் அதை மறக்கவில்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வேகமாக ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். ரீட்டா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்கே பாதிதான் புரிந்தது. அவர் திரும்பி நடந்தபோது நான் குறுக்கே போய் நின்றேன்.

"எங்களுக்குப் புரியல சார். தமிழ்ல சொல்லுங்க. இன்னா ஆச்சு எங்க அக்காவுக்கு?"

 அவர் பெஞ்சில் ரீட்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்ததைக் கையால் வரைந்து காட்டினார்.

"அக்கா ரொம்ப துடிச்சுதா சார்?" என்று கேட்டாள் ரீட்டா.

"இல்லம்மா. உடனே நினைவு போயிடுச்சு. வலி தெரிஞ்சிருக்காது."

அதைக் கேட்ட பிறகுதான் ரீட்டா அழுதாள். பிலோ அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்: புரியாத இடத்தில் இனி நான் தலையாட்டுவதில்லை.