சம்பந்தியைக் கட்டிப்போட்ட பந்த்

போன வாரம் பம்பாயில் பந்த். ரயில் இல்லை, பஸ் இல்லை, டாக்சி இல்லை. ஆபீஸும் இல்லை என்ற சந்தோஷத்தில் மாட்டுங்கா வீட்டில் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பந்த் என்றால் என்ன? கட்டு — அவ்வளவுதான். ஆனால் அதற்கு எத்தனை பிள்ளைகுட்டிகள்... பந்தம், பந்துக்கள், நிபந்தனை, சம்பந்தி. பந்தோபஸ்து மட்டும் பாரசீகத்தில் வளர்ந்து வந்த பிள்ளை. பந்திக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவே கிடையாதாம். இருந்தும் கல்யாணங்களில் நான் முதலில் விசாரிப்பது அதைத்தான்.

கல்யாணம் என்றதும் சுருக்கென்றது. அன்று பத்தரைக்கு தாராவியில் சுடலைமுத்துவின் மகளுக்குக் கல்யாணம்!

சுடலைமுத்து எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பார்ப்பவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகளுக்கு நகை சேர்த்தவர். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, ரயிலில் ஒரு மணி நேரத் தூரமுள்ள உல்லாஸ்நகரில் ஜவுளிக் கடை. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று — ஸ்கூட்டர். "சாவி கைக்கு வந்தாத்தான் எம்மவன் தாலியத் தொடுவான்" என்று சொல்லிவிட்டார். ஸ்கூட்டர் என்ன, கத்தரிக்காயா? பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாவி வந்தபாடில்லை.

நடந்தே போனேன். சுடலைமுத்து பேயறைந்த மாதிரி நின்றார்.

"சம்பந்தி வந்தா கல்யாணம் நிக்கும், சார். வராட்டியும் நிக்கும். நான் என்ன செய்ய?"

எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்தார் — தன்னந்தனியாக. வடாலா ஒர்க்‌ஷாப்பில் வேலை, அங்கேயே ரூம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்து, வியர்க்க விறுவிறுக்க நடந்தே வந்திருக்கிறார்.

"ஒங்க அப்பா?" என்றார் சுடலைமுத்து.

"ரயில் இல்லையே மாமா. எப்பிடி வருவாவ?"

"அப்ப... ஸ்கூட்டரு?"

"முகூர்த்தம் போயிரும் மாமா. தாலிய எடுங்க."

முடிச்சு விழுந்தது. முந்நூறு பேருக்குச் சமைத்த சாப்பாட்டை, கடைகளை மூட வைக்க வந்த கோஷ்டியும் உட்கார்ந்து ஒரு கட்டு கட்டியது. என் இலைக்கு இரண்டாம் தடவை பாயசம் வருவதற்குள் அண்டா காலி!

மறுநாள் முதல் ரயிலில் சம்பந்தி வந்து சேர்ந்தார். மிச்ச லட்டுக்காக நானும் போயிருந்தேன் — எதை மறைக்க?

"ஸ்கூட்டர் எங்க வே?"

சுடலைமுத்து என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். புது மருமகள்தான் காபி டம்ளரோடு வந்தாள்.

"நேத்து ஸ்கூட்டர எவன் விட்டான் மாமா? இவிய நடந்துதான வந்தாவ."

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் லட்டுவைப் பார்த்தேன். காபியை வாங்கி மெள்ளக் குடித்தார்.

சர்க்கரை சரியாக இருக்கிறதாம்.