புத்தூருக்கு முதல் ஆளாகப் போன கதை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஸ்டோர் கவுன்ட்டரில் கையுறைக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ரோலிங் பிரிவு முனுசாமி போன் செய்தான். “தயாளு, நம்ம ஏகாம்பரம் பூட்டான்யா. ஷிப்ட்டுக்குக் கெளம்பிக்கினு இருந்தானாம். நெஞ்சப் புடிச்சிக்கினு அப்டியே உக்காந்துட்டானாம்.”

மதியம் ஆரம்பாக்கம் போனேன். அவன் வீட்டுத் தெருவில் கால் வைக்க இடமில்லை. எங்கள் இரும்பு மில்லின் மூன்று ஷிப்ட்டும் அங்கே நின்றது. அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது வயிற்றெரிச்சல். நான் செத்தால் இதில் கால்வாசிக் கூட்டமாவது வருமா? சீ, இதுவும் ஒரு நினைப்பா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் வந்தது வந்ததுதான்.

திருப்பதிக்கு நடக்கும் மில் நண்பர்களே, அன்றைக்கே நீங்கள் நாலைந்து பேர் என் கையைப் பிடித்து, வரும் புரட்டாசிக்குத் திருப்பதி நடைக் குழுவை நான்தான் முன்னால் நின்று கூட்டிப்போக வேண்டும் என்றீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். ஏகாம்பரத்துக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் இது அஞ்சலி ஆகாது. இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்பதால் அவனை ‘அவர்’ என்று எழுத எனக்கு வரவில்லை.

அவன் கிரேன் ஆபரேட்டர். ஷிப்ட் முழுக்க மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பவன். நான் ஸ்டோரில் சேஃப்டி ஷூ கொடுப்பவன். மில்லில் யார் காலுக்கு எந்த நம்பர் என்று என்னைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் முதல் தடவை திருப்பதிக்கு நடக்கிற ஒருவனாவது என்னிடம் வந்து ‘எந்தச் செருப்பு வாங்கலாம்?’ என்று கேட்டானா? என் கவுன்ட்டரைத் தாண்டிப் போய், கிரேன் ஏணிக்குக் கீழே அவன் இறங்கி வரும்வரை காத்துக்கொண்டு நிற்பான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் ஆலோசனை வேடிக்கையாக இருக்கும். “கால அளந்து வாங்காத. சாய்ங்காலம் வீங்குது பாரு, அந்த வீக்கத்த அளந்து வாங்கு” என்பான். புதிதாக வருகிறவன் மூட்டையைக் கட்டி எடுத்து வரவேண்டும். அதை முதுகில் மாட்டிக்கொண்டு கேன்டீன் மாடிப்படியை மூன்று தடவை ஏறி இறங்கவேண்டும். மூன்றாவது தடவை இறங்கும்போது அவனே பையைப் பிரித்துப் பாதியை வெளியே எடுத்துப் போடுவான். இரண்டாவது துண்டு, ஷாம்பு பாட்டில், பவர் பேங்க், முறுக்கு டப்பா எல்லாம் படியில் கிடக்கும். ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே நிற்பான். “நான் இன்னா சொல்றது, படியே சொல்லிடுச்சி.”

இரண்டு வருடத்துக்கு முன்பு நானும் முதல் தடவை கிளம்பினேன். அவனிடம் கேட்பதா? செத்தாலும் மாட்டேன். ராத்திரி பகலாக வீடியோ பார்த்தேன். சென்னைக்குப் போய் வெள்ளை ரன்னிங் ஷூ வாங்கினேன். எட்டாம் நம்பர், காலைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி. சேஃப்டி ஷூ அப்படித்தானே இருக்கவேண்டும், இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். குழாய் வைத்து உறிஞ்சுகிற தண்ணீர்ப் பை, முட்டிக்கு உறை, இடுப்புப் பை என்று ஒன்றையும் விடவில்லை. மாடிப்படிப் பரீட்சைக்கு மட்டும் போகவில்லை. புது ஷூ அழுக்காகிவிடும் என்று ஒருநாள்கூட அதைப் போட்டு நடந்து பார்க்கவுமில்லை.

கிளம்புகிற அன்று அவன் என் காலையே பார்த்தான். “ஒரு நம்பர் பெருசா எடுத்திருக்கலாம் நைனா.”

“ஷூவப் பத்தி எனக்கே சொல்றியா?” என்றேன். அவன் கடைசி ஆளாகப் போய் நின்றுகொண்டான்.

ஊத்துக்கோட்டை வருவதற்குள் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. பிச்சாட்டூரில் தங்கி, மூன்றாம் நாள் விடிந்தபோது சாக்ஸ் கொப்புளத்தோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. நீங்கள் எல்லாரும் கோவிந்தா போட்டுக் கிளம்பிவிட்டீர்கள். எப்போதும் கடைசியில் வருகிற அவன் மட்டும் என்னோடு இருந்தான். வெந்நீர் வாங்கிவந்து சாக்ஸை நனைத்து நனைத்துப் பிரித்தான். பிறகு தன் பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்தான். ஒன்பதாம் நம்பர். அவன் காலுக்கு ஏழு. அவ்வளவு தூரம் என் காலுக்காகவே சுமந்து வந்திருக்கிறான்! நன்றியா வந்தது எனக்கு? இப்படி ஆகும் என்று முன்னாலேயே தெரிந்து வைத்திருக்கிறானே என்று வயிறு எரிந்தது.

“இதப் போட்டுக்கினு பஸ்ஸ புடிச்சி புத்தூர் போய்டு. நாளைக்கு நடப்ப” என்றான்.

புத்தூர் சத்திரத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்தீர்கள். முனுசாமிதான் முதலில் கத்தினான். “இன்னாயா, நாங்க டீ குடிக்க சொல்லோ தாண்டி வந்துட்டியா? அதுவும் செருப்புல!” நான் தலையை ஆட்டிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து ஏகாம்பரம் வந்தான். எல்லாரும் அவனிடம் ஓடிப்போய், தயாளன் முதல் ஆளாக வந்த கதையைச் சொன்னீர்கள். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். “தயாளு நட வேற மாரி. நம்மளால ஆவாது” என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தப் பெருமையில்தான் வாழ்ந்தேன். முதல் தடவை நடக்கிறவர்கள் என்னிடமும் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். நானும் வாய்கூசாமல் சொன்னேன், அவன் சொன்னதையே என் சரக்காக. அவன் காதில் விழுந்திருக்கும். ஒருநாள், ஒரு கிண்டலாவது செய்யவேண்டுமே. கிடையாது. அவன் வாயில் வராத அந்தக் கிண்டல்தான் என்னை அதிகமாகத் தின்றது. அவன் ரகசியம் என்னிடம் இருந்திருந்தால் அன்று மதியமே கேன்டீனில் பரிமாறியிருப்பேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவன் மனைவி கஸ்தூரி சாப்பிட இலை போட்டுவிட்டுச் சொன்னாள். “உங்கள எப்பவும் பெருமையா சொல்லுவாருண்ணா. புத்தூருக்கு மொத ஆளா போனது நீங்கதானாமே.”

கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஆகவே எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். பிச்சாட்டூரிலிருந்து புத்தூர்வரை நான் நடக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். வழியில் நீங்கள் டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். முன்னால் நடக்க வேறு ஆளைப் பாருங்கள். சேர்த்துக்கொண்டால் நான் கடைசியில் வருகிறேன்.

அவன் நினைவாக என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், இந்தப் பொறாமைதான். இனி அதைக் கொண்டுபோய் யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு வருடம் கட்டிய மனைவியிடம்கூட மூச்சுவிடாமல் காத்தான் அவன். அவன் போய் ஒரு மாதம் ஆகவில்லை, நானே போட்டு உடைத்துவிட்டேன். என் ரகசியத்தைக்கூட என்னைவிட அவன்தான் நன்றாக வைத்திருந்தான்.