நாலு இட்லிக்கு முடங்கிய கணக்கு

திருநகரில் நானும் என் வீட்டுக்காரரும் இட்லிக்கடை வைத்திருக்கிறோம். மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டப் போனபோது என் பேங்க் கணக்கு முடங்கியிருந்தது.

"உங்க கடையில சாப்பிட்ட யாரோ, ஏமாத்திப் பறிச்ச பணத்துலேர்ந்து உங்க கணக்குக்கு போன்ல காசு அனுப்பியிருக்கான். போலீஸ் முடக்கச் சொல்லியிருக்கு" என்றார் மேனேஜர்.

"நாலு இட்லி தின்னவன் யாருன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"எங்க கையில ஒண்ணுமில்லம்மா."

எங்கள் உழைப்பு அம்புட்டும் அதில்தான் இருந்தது. நகையை அடகு வைத்து பீஸ் கட்டினோம்.

ஸ்கேன் அட்டையைக் கழற்றிவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தேன். "கையில காசு இல்லையேக்கா" என்று பாதிப்பேர் அடுத்த கடைக்குப் போனார்கள். அரைத்த மாவு மிஞ்சிப் புளித்தது. வேறு வழியின்றி, வீட்டுக்காரர் கணக்கில் புது அட்டை வாங்கி மாட்டினோம்.

என் கணக்கு இன்னும் திறக்கவில்லை. பணம் அனுப்பும் ஒவ்வொருவர் முகத்தையும் இப்போது உற்றுப் பார்க்கிறேன். பார்த்து என்ன தெரியப்போகிறது?